செம்பனைக் குலை எடை எழுதும் சகோதரர்கள் இருக்கிறீர்களா?

ஸ்தோத்திரம். சுங்கை சிப்புட்டில், செம்பனைக் குலை வாங்கும் நிலையம் ஒன்றில் எடை எழுதுகிறேன். குலையில் பழம் உதிர்ந்த புதுக்குழி குறைந்தது 10 இருந்தால் அது பழுத்த குலை. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் அளவுகோல் அதுதான். முதலாளியோ லோரியை எட்டிக்கூடப் பார்க்காமல் "காய்" என்று எடையைக் கழிக்கச் சொல்கிறார். சிறுதோட்டக்காரர்களுக்கு அது பிள்ளைகளின் பள்ளிச் செலவு. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்கிறது நீதிமொழிகள் 11:1. ஞாயிறு ஆராதனையில் பாடிவிட்டுத் திங்கட்கிழமை பொய் எடை எழுத எனக்குக் கை வரவில்லை.

இதே வேலையில் இருப்பவர்கள் முதலாளியிடம் எப்படிப் பேசினீர்கள்? (அவர் கல்நெஞ்சர் அல்லர், என் மனைவியின் பிரசவத்துக்கு முன்பணம் கொடுத்தவர்.) விற்பவரின் கண்முன்னே குலைகளைத் தரம் பார்த்து எழுதும் படிவம் யாரிடமாவது இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். சனிக்கிழமை அவரிடம் பேசப்போகிறேன், ஜெபித்துக்கொள்ளுங்கள்.