வலிக்காத பல்லுக்கு கேப் மாற்ற வேண்டுமா?

திருச்சி சுமதி:
கீழ்க் கடைவாயில் ரூட் கெனால் செய்து போட்ட மெட்டல்-செராமிக் கேப். 12 வருடம் ஆகிறது. ஈறு ஓரத்தில் கறுப்புக் கோடு தெரிகிறது. கீரைத்தண்டு சாப்பிட்டால் சரியாக அங்கேதான் நார் சிக்குகிறது. ஃப்ளாஸ் விட்டால் நூல் பிய்ந்து, லேசாக வாடையும் அடிக்கிறது. டாக்டர் மாற்றச் சொல்கிறார். வீட்டுக்காரரோ, "வலிக்காத பல்லை எதுக்கு நோண்டுற?" என்கிறார். என்ன செய்யலாம்?

பல்லவன்:
எனக்கு முறுக்கு கடித்தபோது கேப் கையோடு வந்துவிட்டது. உள்ளே பல் நன்றாக இருந்ததால் அதையே கழுவி ஒட்டிக் கொடுத்தார்கள். கேட்டுப் பாருங்கள்.

பல் டாக்டர்:
கறுப்புக் கோட்டுக்காக மாற்ற வேண்டாம்மா. ஈறு இறங்கினால் உள்ளிருக்கும் உலோக விளிம்பு தெரியும், அவ்வளவுதான். நூல் பிய்வதும் வாடையும்தான் எனக்கு இடிக்கிறது. ஓரத்தில் இடைவெளி விழுந்திருக்கலாம். வலியை வைத்து முடிவு செய்யாதீர்கள். ரூட் கெனால் செய்த பல்லில் நரம்பே இல்லை, சொத்தை எவ்வளவு போனாலும் காட்டிக்கொடுக்காது. எக்ஸ்ரே எடுத்தீர்களா? கேப்புக்கு நேர் அடியில் இருப்பதை உலோகம் மறைத்துவிடும், ஓரத்தைப் பார்க்கலாம்.

திருச்சி சுமதி:
எடுத்தோம் சார். பக்கத்துப் பல் பக்கமாக, ஓரத்துக்குக் கீழே கறுப்பாகத் தெரிந்தது. உலோகம் இல்லாத வெள்ளை கேப், ஜிர்கோனியா என்கிறார்களே, அது போடலாமா?

பல் டாக்டர்:
எக்ஸ்ரேயில் அங்கே கறுப்பாகத் தெரிந்தால் சொத்தையாக இருக்கலாம், அப்படியென்றால் கழற்றுவதுதான் சரி. ஜிர்கோனியா அப்புறம். சொத்தையைச் சுரண்டிய பிறகு, புது கேப் பிடித்து நிற்க ஈறுக்கு மேலே சுற்றிலும் 2 மில்லிமீட்டராவது நல்ல பல் மிஞ்சுமா என்று முதலில் கேளுங்கள்.