உதவி: 12 துண்டில் காக்கா வேணும், புறாவாகவே வருது

பெரம்பூர்_வாசிப்பறை

எங்க குடியிருப்பு வாசிப்பறைக்கு ஒரு சின்னம் செய்யறோம். அண்டங்காக்கையோ ஊர்க்காக்கையோ, பார்த்ததும் காக்கான்னு தெரியணும். பிள்ளைகளே சார்ட் பேப்பரில் வெட்டி ஒட்டணும் என்பதால் இந்தக் கட்டுப்பாடுகள்:

வட்டம், அரைவட்டம், கால்வட்டம், சதுரம், இருசமபக்கச் செங்கோண முக்கோணம். இந்த ஐந்தும்தான். அளவு 1, 2, 4 கட்டம் மட்டும் (வட்டத்துக்கும் அரைவட்டத்துக்கும் விட்டம், கால்வட்டத்துக்கு ஆரம், முக்கோணத்துக்குச் செங்கோணத்தை ஒட்டிய பக்கம்). 12 துண்டுக்கு மேல் கூடாது. திருப்பலாம், புரட்டலாம், இழுத்து நீட்டக் கூடாது.

இப்போ இருப்பது: உடல் வட்டம் 4, தலை வட்டம் 2, மூக்கு முக்கோணம் 1, இறக்கைக்கு அரைவட்டம் 2 இரண்டு, வால் முக்கோணம் 2, கால் சதுரம் 1 இரண்டு, கண் வட்டம் 1 இரண்டு. மொத்தம் 10.

சிக்கல்கள்: (அ) எல்லோரும் புறான்னு சொல்றாங்க, சிலர் ஒரு மொபைல் கேம் பறவை பேரைச் சொல்றாங்க. (ஆ) கருவிழிக்கு அரைக் கட்டம் வேணும், விதியில் இல்லை. (இ) இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் ஏற்றுமதி செய்தால் துண்டுகளுக்கு நடுவே மயிரிழை மாதிரி வெள்ளைக் கோடு. (ஈ) ஸ்டிக்கர் 50 மி.மீ. கேட்டேன், 37.5 மி.மீ. வந்தது, அதிலும் வாலுக்குள்ளே குறுக்கே வெட்டு விழுந்திருக்கு.

கட்டம்64

முதலில் (அ). எல்லாத் துண்டையும் கறுப்பாக்கி, 32 பிக்சலுக்குச் சுருக்கிப் பாருங்க. வட்டத்தின் மேல் வட்டம் தெரியும், வேறொன்றும் தெரியாது. சின்ன உருண்டைத் தலை, உருண்ட மார்பு, குட்டி மூக்கு: புறாவின் அடையாளமே அதுதான். கண்ணையும் இறக்கையையும் எவ்வளவு நோண்டினாலும் மாறாது, தப்பு வெளிக்கோட்டில் இருக்கு.

காக்காவுக்கு வெளிக்கோட்டில் இரண்டு விஷயம் போதும். பிடரியிலிருந்து வால் நுனி வரை ஏறக்குறைய நேர்கோடு. தலை நீளத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான தடித்த மூக்கு, மேல்பக்கம் மட்டும் வளைந்தது. மூன்றாவது நிறம்: ஊர்க்காக்கைக்குக் கழுத்து சாம்பல். அண்டங்காக்கை முழுக் கறுப்பு, அதனால் துண்டு குறைவாக இருக்கும்போது ஊர்க்காக்கைதான் லாபம்.

8×8 கட்டம் போடுங்க. கீழ் இடது மூலை (0,0), மேலே போகப் போக எண் கூடும். (இங்க்ஸ்கேப் 1.0 முதல் மேலிருந்து கீழே எண்ணும். குழப்பமாக இருந்தால் விருப்பங்களில் இடைமுகம் பகுதியில் மாற்றிக்கலாம்.)

உடல்: முக்கோணம் 4. முனைகள் (1,1) (5,1) (5,5). சாய்ந்த பக்கம்தான் முதுகு.
வால்: முக்கோணம் 2. (0,0) (2,0) (2,2). இதன் சாய்வு முதுகுக் கோட்டின் மேலேயே விழும், ஒரு பகுதி உடலுக்குள் போகும்.
தலை: வட்டம் 2, மையம் (5,5).
கழுத்து, சாம்பல்: சதுரம் 1, (4,3) முதல் (5,4) வரை. அதன் இடப்பக்கம் முக்கோணம் 1, (3,3) (4,3) (4,4). இரண்டும் சேர்ந்தால் உடலுக்குள் பட்டையாக அச்சாக உட்காரும்.
மூக்கு, அடர் சாம்பல்: சதுரம் 1, (5,4) முதல் (6,5) வரை, தலைக்கு மேல் அடுக்கில். அதை ஒட்டிக் கால்வட்டம் 1, செங்கோண மூலை (6,4)-இல், வளைவு (6,5)-இலிருந்து (7,4)-க்கு இறங்கணும். மூக்கு நீளம் 2, தலை விட்டமும் 2.
கால்: முக்கோணம் 1 இரண்டு. (3,1) (4,1) (4,0), அடுத்தது (4,1) (5,1) (5,0). பரந்த பக்கம் மேலே இருக்கணும். தலைகீழாக வைத்தால் உடலோடு ஒரு புள்ளியில்தான் ஒட்டும், பேப்பரில் முதல் நாளே பிய்ந்துவிடும்.

இதுவரை 9 துண்டு. கண்ணுக்கு 3 மிச்சம். இறக்கை தேவையில்லை; மடக்கிய இறக்கை முதுகுக் கோட்டுக்குள்ளேயே அடங்கிடும்.

ஒரு விஷயம் கவனிங்க: இதில் எதுவும் 45 டிகிரி திருப்பப்படலை. 4 கட்டத் துண்டை 45-இல் சாய்த்தால் அதன் முனைகள் 2.83 கட்டத்தில் போய் நிற்கும், எந்தக் கட்டப்புள்ளியிலும் ஒட்டாது. சாய்வு வேணும்னால் முக்கோணத்தின் நீண்ட பக்கத்தைப் பயன்படுத்தணும்.

கோட்டுக்காரி

உடலை முக்கோணமாக்கியது சரி. ஆனா பிள்ளைகளுக்கான சின்னம், கூர்மை அதிகமானால் முரட்டுத்தனம் வரும். ஸ்டான்லியில் மருத்துவம் படித்த நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரனும் ஹப்பர்டும் 2001-இல் எழுதினாங்களே, அர்த்தமே இல்லாத இரண்டு சொல்லைக் கொடுத்தால் ‘பூபா’ன்னா உருண்டை, ‘கிக்கி’ன்னா கூர் முனை என்று பெரும்பாலானவர்கள் ஒரே மாதிரி பொருத்துவாங்கன்னு. உடல் கிக்கியாக இருக்கட்டும், தலையும் கண்ணும் பூபாவாகவே இருக்கட்டும். முகத்தில் முக்கோணம் ஒன்றுகூட வேண்டாம்.

(ஆ) கண். அரைக் கட்டம் எதுக்கு? வட்டம் 1 இரண்டு, மையம் (4.5,5), (5.5,5). இரண்டும் தலை வட்டத்துக்குள் விட்டத்தில் சரியாக அடங்கும். வலக்கண்ணின் கீழ்ப்பாதியை மூக்குச் சதுரம் மறைக்கும். மறைக்கட்டும், முகம் சற்றுத் திரும்பின மாதிரி இருக்கும். கருவிழிக்கு ஒரே ஒரு அரைவட்டம் 1, கறுப்பு. காக்காவுக்கு இரண்டு கண்ணுக்கும் மணி ஒன்றுதான், அது இங்கேயும் அங்கேயும் ஓடும்னு நம்ம ஊரில் காலங்காலமாகச் சொல்றதுதானே. அதையே வடிவமாக்குங்க. மணி இருக்கும் கண் வெள்ளை, இல்லாத கண் சாம்பல், அதாவது இமை மூடியது. மணி மாறினால் நிறமும் மாறும். இந்தக் கண் வேற எந்தப் பறவைச் சின்னத்துக்கும் பொருந்தாது. கேம் பறவைப் பேச்சு இதோடு முடியும்.

இடக்கண்ணில் மணியின் தட்டைப் பக்கம் வலது நோக்கி இருந்தால் பின்னால் பார்க்குது. தட்டைப் பக்கம் கீழே இருந்தால் தூக்கம். வலக்கண்ணில் எப்பவும் வலப்பாதியை மறைக்கிற மாதிரி வைங்க. மேல்பாதியில் வைத்தால் தெரியும் இடம் முழுக்க மணியே நிரம்பிக் கண் தலையோடு கரைஞ்சிடும். சாம்பலை வெளிர் சாம்பலாக வைக்காதீங்க, வெள்ளைக் கண்ணோடு போட்டி போடும். நடுச் சாம்பல் போதும்.

வினைல்_வெட்டு

(இ)யும் (ஈ)யும் நான் சொல்றேன்.

வெள்ளை மயிரிழை: இரண்டு துண்டு ஒரே ஓரத்தில் முட்டும்போது, அந்த ஓரம் பிக்சலின் நடுவே போனால் ஒவ்வொன்றும் பாதி பாதி மூடும். முதல் துண்டு 50 சதவீதம் மூடுது, இரண்டாவது மிச்சத்தில் பாதியைத்தான் மூடுது. 75 ஆச்சு, 25 சதவீதம் பின்னணி எட்டிப்பார்க்குது. நேர் ஓரம் பிக்சல் கோட்டில் விழுந்தால் வராது, சாய்ந்த ஓரத்தில் கட்டாயம் வரும். மருந்து: ஒரே நிறத்தில் முட்டுகிற துண்டுகளைச் சேர்த்துப் பாத் பட்டியலில் யூனியன் கொடுங்க, எல்லாம் ஒரே வடிவமாகிடும். கழுத்துச் சதுரமும் முக்கோணமும் ஒன்றாகணும், இல்லாட்டி கீழே இருக்கும் கறுப்பு நடுவே கோடாகத் தெரியும். வேறு நிறம் முட்டும் இடத்தில் அடியில் கறுப்பு உடல் முழுசாக ஓடட்டும், சாம்பலை மேலே வைங்க.

யூனியன் செய்வதற்கு முன் கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து வைங்க. சேர்த்தபின் துண்டுகளைத் தனியாக நகர்த்த முடியாது.

வாலுக்குள் வெட்டு விழுந்ததுக்கும் இதே மருந்துதான். வெட்டும் இயந்திரம் நிறத்தைப் பார்க்காது, பாதையைத்தான் பார்க்கும். வாலும் உடலும் மேல் மேலே கிடந்தால் இரண்டு எல்லையையும் வெட்டும். உடல், வால், கால், தலை நாலையும் யூனியன் செய்து ஒரே கறுப்புப் பாதையாகக் கொடுங்க. கோட்டுத் தடிமன் இருந்தால் எடுத்துடுங்க; பிளேடு கோட்டின் நடுவில்தான் போகும், தடிமன் கணக்கில் வராது.

37.5: கணக்கு நேரானது. இங்க்ஸ்கேப் ஒரு அங்குலத்துக்கு 96 பிக்சல், கடையில் திறந்த மென்பொருள் 72. ஐம்பதை 72/96-ஆல் பெருக்குங்க, 37.5. இங்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்விஜி கோப்பைக் கொடுக்காதீங்க, பிடிஎஃப் கொடுங்க, அதில் மில்லிமீட்டர் அப்படியே போகும். கூடவே ஓரத்தில் 50 மி.மீ. சதுரம் ஒன்று வரைந்து, “இதை அளந்து பாருங்க” என்று எழுதிடுங்க.

வால் நுனி 45 டிகிரி கூர். வினைலில் அந்த நுனிதான் முதலில் கிளம்பும். காக்கா வடிவத்திலேயே வெட்டாமல், வெளியே 2 மி.மீ. தள்ளி உருண்ட முனையோடு ஓர் எல்லை போட்டு வெட்டுங்க.

பெரம்பூர்_வாசிப்பறை

வரைந்து பார்த்தாச்சு, காக்காவேதான். ரொம்ப நன்றிங்க. கோட்டுக்காரி அக்கா, அந்த ஒற்றை மணி பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

இரண்டு கேள்வி. 25 மி.மீ. ஸ்டிக்கரில் மணி சரியாகத் தெரியலை. இன்னொன்று, தலையை மட்டும் திருப்பி வேறு நிலைகள் செய்யப் பார்த்தேன், தலை கழுத்தை விட்டு விலகுது.

கட்டம்64

25 மி.மீ.-இல் 8 கட்டம்னா ஒரு கட்டம் 3.1 மி.மீ., மணியின் அகலம் அதில் பாதி. அந்த அளவுக்கு முழு உருவம் வேண்டாம். தலையும் மூக்கும் மட்டும் எடுத்தால் 3×2 கட்டம்தான். ஒரு கட்டத்துக்கு 7 மி.மீ. தாராளமாகக் கிடைக்கும். 44 மி.மீ. பேட்ஜுக்கு மேல் முழுக் காக்கா, அதற்குக் கீழே தலை மட்டும் என்று வைச்சுக்குங்க. இணையப் பக்கத்துக்கு 32 அல்லது 16 பிக்சல் எடுங்க, கட்டம் 4 அல்லது 2 பிக்சலாக முழு எண்ணில் விழும். 24-உம் சரி. 20 எடுத்தால் 2.5 வரும், ஓரம் மங்கும்.

தலை விலகுவது சுழல் மையத்தால். தலை, மூக்கு, கண்ணைக் குழுவாக்கினால் அந்தக் குழுவின் பெட்டி 4 முதல் 7 வரை, அதன் மையம் (5.5,5). தலை வட்டத்தின் மையமோ (5,5). அரைக் கட்டம் தள்ளிச் சுழலுது. குழுவை ஒருமுறை சொடுக்கி, சற்று விட்டு மறுபடி ஒருமுறை சொடுக்கினால் நடுவில் சிலுவைக் குறி வரும், அதை (5,5)-க்கு இழுத்து வைத்துவிட்டுத் திருப்புங்க.

இடச்சுற்றாக 90 டிகிரி: மூக்கு நுனி (6,7)-க்குப் போகும், வானத்தைப் பார்த்துக் கரையும் காக்கா. வலச்சுற்றாக 90: நுனி (4,3)-க்கு வந்து சாம்பல் கழுத்தின் மேல் படியும், இறகு கோதும் காக்கா. இரண்டுமே கட்டத்தில் சரியாக உட்காரும், 45-இல் திருப்ப ஆசைப்படாதீங்க.

சார்ட்_டீச்சர்

வெட்டும் வேலைக்கு ஒரு கட்டம் = 3 செ.மீ. வைங்க. காக்கா 21×18 செ.மீ. வரும், படுக்கையாக வைத்த ஏ4 தாளின் உயரத்துக்குள் அடங்கும்.

20 பிள்ளைகளுக்குக் கறுப்புச் சார்ட் (56×71 செ.மீ.) ஒன்றே போதும். 12 செ.மீ. சதுரமாகக் கோடு போட்டால் 4×5, 20 சதுரம். அதில் 10-ஐ மூலைக்கு மூலை வெட்டினால் 20 உடல். மிச்சம் பத்தில் எட்டை 6 செ.மீ. சதுரமாக்கினால் 32: தலைக்கு 20, வாலுக்கு 10, இரண்டு கூடுதல். கடைசி இரண்டை 3 செ.மீ. ஆக்கினால் 32: காலுக்கு 20, மணிக்கு 10 போதும் (ஒரு வட்டம் வெட்டி இரண்டாக்குங்க).

வட்டம் வெட்டுவதில்தான் சின்னப் பிள்ளைகள் தடுமாறுவாங்க. கத்தரிக்கோலைத் திருப்பாமல் பேப்பரைத் திருப்பச் சொல்லுங்க. ஒட்டும் வரிசை: வால், உடல், கழுத்து, கால், தலை, கண், கடைசியில் மூக்கு. மூக்கை முன்னாடி ஒட்டினால் வலக்கண் அதற்கு மேலே வந்து உட்காரும்.

மணியை மட்டும் பசை போட்டு ஒட்டாதீங்க, அது ஓடணுமே. 10 மி.மீ. வெல்க்ரோ பொட்டு வைங்க. அரைவட்டத்தின் ஆழம் 15 மி.மீ., பொட்டு உள்ளேயே மறையும். இரண்டு கண்ணிலும் ஆளுக்கொரு எதிர்ப்பொட்டு, மணி வரும் பாதியில் வைக்கணும், நடுவில் அல்ல. கண் நிறம் மாறுவதற்கு வட்டத்தின் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சாம்பலாகச் செய்து அதையும் வெல்க்ரோவில் புரட்டலாம்னு தோணும், 30 மி.மீ. வட்டத்துக்கு அது கனம். சாம்பல் வட்டத்தை இமையாகத் தனியே வெட்டி, மணி இல்லாத கண்ணின் மேல் மாட்டிவிடுங்க. இரண்டு கண்ணும் அடியில் வெள்ளையாகவே இருக்கட்டும். துண்டுக் கணக்கு 13 ஆகுதேன்னு யாராவது கேட்டால், வலக்காலை எடுத்துடுங்க. ஒற்றைக் காலில் நிற்கிற காக்காவும் உண்டு.