சூரன் நமக்குள் இருக்கிறானா?

அந்திவானம்: கந்த புராணத்தைப் போர்க்கதையாக மட்டும் படித்தால் பாதிதான் கைக்கு வரும் என்பது என் கட்சி. அசுரன் சூரபன்மன் ஆணவம், அவன் தம்பிகளில் சிங்கமுகன் கன்மம், அதாவது வினை, தாரகன் மாயை. சைவ சித்தாந்தம் சொல்லும் மும்மலங்கள், உயிரைக் கட்டிவைக்கும் மூன்று அழுக்குகள். சாகிற வரிசையைப் பாருங்கள். முதலில் தாரகன், பிறகு சிங்கமுகன், கடைசியில்தான் சூரன். மற்றதெல்லாம் விலகினாலும் 'நான்' என்பது லேசில் போகாது. சிங்கமுகனுக்கு வெட்ட வெட்டத் தலை முளைக்கிறதே, வினையும் அப்படித்தானே?

ஏட்டுப்பூச்சி: தலை முளைப்பது சரி. அதே சிங்கமுகன்தான் தேவர்களைச் சிறையிலிருந்து விட்டுவிடு என்று அண்ணனுக்குப் புத்தி சொல்கிறான். கன்மம் எப்போது ஆணவத்துக்குப் புத்தி சொன்னது? அப்புறம் சூரனின் மகன் இரணியன். அப்பா பிழைக்கமாட்டார் என்று தெரிந்ததும், ஈமக்கடன் செய்ய ஒருவனாவது மிஞ்ச வேண்டுமே என்று மீனாகிக் கடலுக்குள் ஒளிகிறான். இவன் எந்த மலம்? எனக்கு அந்தப் புராணத்தில் மறக்கவே முடியாத ஆள் இவன். உங்கள் வரைபடத்தில் இவனுக்கு இடமே இல்லை.

அந்திவானம்: இரணியனுக்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்படிப் படிப்பது நான் கிளப்பியதில்லை. 'முப்புரமாவது மும்மல காரியம்' என்று திருமூலரே சொல்லிவிட்டார். சிவன் நிஜமாகவே மூன்று கோட்டைகளை எரித்ததாகச் சொல்பவர்களை 'மூடர்கள்' என்று ஒரு போடும் போட்டார்.

ஏட்டுப்பூச்சி: அவர் சொன்னது ஒரு கதைக்கு. அந்தச் சாவியை எல்லாப் பூட்டிலும் நுழைப்பதுதான் எனக்கு ஆகவில்லை. மூன்று பேர் வந்தால் மும்மலம், ஐந்து பேர் வந்தால் ஐம்புலன்!

கடல்நுரை: இருவரும் பெயர்ப்பலகையோடு நின்றுவிட்டீர்கள். முருகன் பெருவடிவம் காட்டும் இடத்தைப் படியுங்கள். அதுவரை 'பாலன்' என்று நினைத்திருந்த சூரனுக்கு, கால்கள் அவரைச் சுற்றி வரவேண்டும், கை தொழவேண்டும், தலை தாழவேண்டும், நாக்கு துதிக்கவேண்டும் என்று ஒவ்வோர் உறுப்பாக ஆசை வருகிறது. பாட்டு எப்படி முடிகிறது? 'தடுத்தது மானம் ஒன்றே.' புராணத்தைப் பாடிய கச்சியப்பரே அவன் நெஞ்சுக்குள் போய்விட்டார். தனியாக வரைபடம் எதற்கு?

அந்திவானம்: அந்த மானம்தானே ஆணவம்! கடலில் மாமரமாக நின்றவனை வேல் இரண்டாகப் பிளந்தும் அவன் அழியவில்லை, மயிலும் சேவலும் ஆகிறான். முத்தியிலும் ஆணவம் அழியாது, அதன் வலிமைதான் ஒடுங்கும் என்கிறது சித்தாந்தம். இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

ஏட்டுப்பூச்சி: மயில் பொருந்துகிறது, சரி. மானத்தை மட்டும் விட்டுத்தர மாட்டேன். தம்பிகள் இருவரும் போய், மகன் பானுகோபனும் போய், தனியாகக் களத்தில் நிற்கிறான். இப்போது கும்பிட்டால் அவர்கள் எதற்காகச் செத்தார்கள்? அந்தக் கேள்வியும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. மலம் என்று எழுதிய மறுநொடியே அது காணாமல் போய்விடுகிறது.

கடல்நுரை: இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. இன்று ராத்திரி யுத்த காண்டத்தை மறுபடி எடுக்கிறேன்.