கலைச்சொல் உதவி: எஃப்.ஐ.ஆர். ஒரு வகை, போக்சோ இன்னொரு வகை. இரண்டுக்கும் தமிழில் என்ன பெயர்?

சட்ட ஆசிரியை, சேலம்:

எல்லாருக்கும் வணக்கம். முதலாண்டுச் சட்ட மாணவர்களுக்கு ஒரு கையேடு தயாராகிறது, வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். கீழமை நீதிமன்ற ஆவணங்களையும் வருவாய்த்துறைக் கடிதங்களையும் தமிழில் தடங்கல் இல்லாமல் வாசிக்கப் பழக்குவதுதான் நோக்கம். பின்னிணைப்பாகச் சுருக்கங்களின் பட்டியல்: ந.க.எண், மூ.மு., இ.த.ச., மு.த.அ. (முதல் தகவல் அறிக்கை), கி.நி.அ. (கிராம நிர்வாக அலுவலர்) என்று நீள்கிறது. அதை இரண்டாகப் பிரிக்கப் பார்க்கிறேன். எஃப்.ஐ.ஆர்., வி.ஏ.ஓ. மாதிரி ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வது ஒரு வகை. மிசா, தடா, பொடா, போக்சோ, சிப்காட், டாஸ்மாக் மாதிரி எழுத்துகள் சேர்ந்து ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது இன்னொரு வகை. இந்த இரண்டாவதுதான் மாணவர்களைத் தடுமாற வைக்கிறது. தடா என்பது 'தடை'யிலிருந்து வந்த சொல் என்று விடைத்தாளில் எழுதுகிறார்கள், அதற்குள் பயங்கரவாத, சீர்குலைவு நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் என்பதன் நீண்ட ஆங்கிலப் பெயர் இருப்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. நான் புரட்டிய அகராதிகளில் இரண்டுக்கும் 'முதலெழுத்துச் சுருக்கம்' என்றே இருக்கிறது. வகைக்கு ஒன்றாக இரண்டு சொல் தாருங்கள்.

ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அலுவலர், திருச்சி:

அம்மா, பெயர் வைப்பதற்கு முன்னால் பட்டியலில் இருப்பவற்றின் பொருளை மாணவர்களுக்கு நன்றாக விளக்கிவிடுங்கள். ந.க. என்றால் நடப்புக் கணக்கு. வங்கிக் கணக்கு என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அலுவலகத்துக்கு வந்து நடவடிக்கையில் இருக்கும் தாளைக் 'கரண்ட்' என்பது பழைய வழக்கம், அதிலிருந்து வந்த நடப்பு இது. கோப்பு முடிந்த பிறகுதான் ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. எல்லாம் வரும். ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு, நிலையான முடிவு. அந்தக் கோப்பை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்பதை அந்தக் குறியே சொல்லிவிடும். ஆங்கிலத்தில் இதையே எல்.டிஸ்., கே.டிஸ்., டி.டிஸ்., ஆர்.டிஸ். என்று எழுதினார்கள், எழுத்தைப் பார்த்து ஆண்டைச் சொல்ல முடியாது, மனப்பாடம்தான் செய்ய வேண்டும். தமிழில் செய்தவர்கள் யோசித்துச் செய்திருக்கிறார்கள். ஒரு மனுதாரர் பழைய ஆணையின் நகல் கேட்டு வரும்போது அவர் கையில் உள்ள தாளில் ஓ.மு. என்று இருந்தால் அது எப்போதோ அழிக்கப்பட்டிருக்கும் என்று பார்த்ததும் சொல்லிவிடலாம்.

இன்னொன்று. ஆர்.டி.ஓ. என்பதை எப்படிப் போடப் போகிறீர்கள்? வருவாய்க் கோட்டாட்சியரும் ஆர்.டி.ஓ., வட்டாரப் போக்குவரத்து அலுவலரும் ஆர்.டி.ஓ. ஆங்கிலத்தில் நடு எழுத்து வேறு, நம் எழுத்தில் இரண்டும் 'டி'தான். சாதிச் சான்றிதழ் மேல்முறையீட்டுக்குக் கோட்டாட்சியரிடம் போகச் சொன்னால் ஓட்டுநர் உரிமம் தருகிற இடத்தில் போய் நிற்கிறார்கள்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

சுருக்கெழுத்து என்று மட்டும் வைத்துவிடாதீர்கள், அது சுருக்கெழுத்தர் எழுதுவது. இலக்கணத்தில் இதற்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. தாமரை 'மரை' ஆவது முதற்குறை, ஓந்தி 'ஓதி' ஆவது இடைக்குறை, நீலம் 'நீல்' ஆவது கடைக்குறை. தஞ்சாவூர் தஞ்சை ஆனது மரூஉ. ஆனால் இவை எல்லாம் ஒரு சொல்லுக்குள் நடப்பவை. பல சொல்லின் தலைகளை மட்டும் எடுத்துக் கோப்பது நன்னூலார் காலத்துத் தேவை அல்ல. ஆகவே புதிதாகத்தான் ஆக்க வேண்டும், ஆக்கும்போது நல்ல வேர்ச்சொல்லில் ஆக்குவோம்.

அஃகுதல் என்றால் சுருங்குதல், குறைதல். 'அஃகாமை செல்வத்திற்கு யாதெனின்' என்று குறளில் வருவது இதுதான், செல்வம் சுருங்காமல் இருப்பதற்கு வழி. ஆத்திசூடியில் 'அஃகஞ் சுருக்கேல்' என்று வரும் அஃகம் வேறு, அது தானியம், சிலர் இரண்டையும் குழப்புவார்கள். ஆனால் தானியத்துக்கு அஃகம் என்ற பெயரே உமி நீங்கிச் சுருங்கியதால் வந்திருக்கலாம் என்பது என் நெடுநாள் எண்ணம், அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். இப்போதைக்கு: எழுத்தெழுத்தாகச் சொல்வது முதலெழுத்துச் சுருக்கம், ஒரு சொல்லாக நிற்பது அஃகுச்சொல். அஃகுப்பெயர் என்று இணையத்தில் ஏற்கெனவே புழங்குகிறது, அதன் தம்பி இது.

வழக்கறிஞர், மதுரை:

ஐயா, உங்கள் மேல் உள்ள மரியாதையோடு சொல்கிறேன், ஆய்த எழுத்தை வைத்து ஒரு சொல் செய்தால் நீதிமன்றத்தில் ஒருவர் வாயிலும் அது நுழையாது. மாணவன் போக்சோவைப் புரிந்துகொள்ள அஃகுச்சொல்லைத் தேடினால், அதைப் புரிந்துகொள்ள இன்னோர் அகராதி தேட வேண்டும். ஆசிரியை கேட்டது கையேட்டில் ஒரு தலைப்பு.

மக்கள் எப்படிச் சுருக்குகிறார்கள் என்று பாருங்கள். 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14ஆம் எண் சட்டத்துக்கு ஒரு பத்தி நீளத்துக்குப் பெயர், கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் குற்றவாளிகள், வனக் குற்றவாளிகள் என்று அடுக்கிக்கொண்டே போகும். அதில் நடுவில் இருந்த குண்டர் என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக் குண்டர் சட்டம் ஆக்கிவிட்டார்கள். ஒரு புள்ளி இல்லை, முதலெழுத்து இல்லை, எந்த ஊரில் சொன்னாலும் புரியும். உங்கள் இரண்டு வகையிலும் இது அடங்காது, ஆனால் எனக்கு இதுதான் சிறந்த சுருக்கமாகப் படுகிறது.

அப்புறம், 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு இ.த.ச. என்று தமிழில் அழகாக ஒன்று வைத்திருந்தோம், முதல் தகவல் அறிக்கையில் 'இ.த.ச. பிரிவு 302' என்றால் படிக்காதவருக்கும் கொலை என்று தெரியும். இப்போது பாரதிய நியாய சன்ஹிதா, கொலை 103ஆம் பிரிவு. பெயரே தமிழ் இல்லை என்பதால் ஆங்கில எழுத்தை வைத்து பி.என்.எஸ். என்கிறோம். பா.நி.ச. என்று சிலர் எழுதுகிறார்கள், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவுக்கும் 'பா.நா.சு.ச.' என்று போட்டால் படிப்பவர் என்ன செய்வார்? பழைய தேதியில் நடந்த குற்றங்களுக்கு இ.த.ச. தொடர்வதால் இரண்டையும் பட்டியலில் வையுங்கள்.

சொல்லுக்கு என் யோசனை: எழுத்துச் சுருக்கம், கூட்டுச் சுருக்கம். கூட்டி வாசிப்பதால் கூட்டு.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

'எழுத்துக்கூட்டிப் படிக்கிறான்' என்றால் திக்கித் திக்கி ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கிறான் என்றுதானே பொருள், அண்ணா? நீங்கள் சொல்ல வருவதற்கு நேர் எதிராகப் போய்விடும்.

எனக்கு இந்தப் பிரிவினையே தமிழுக்குப் பொருந்துமா என்று சந்தேகம். ஆங்கில எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு, அதனால்தான் அங்கே எழுத்தெழுத்தாகச் சொல்வதும் சொல்லாகச் சொல்வதும் தனித்தனியாகக் கேட்கிறது. நம் எழுத்தின் பெயரே அதன் ஒலி. தி.மு.க. என்று புள்ளி வைத்தாலும் திமுக என்று சேர்த்தாலும் வாயில் வருவது ஒன்றுதான். மதிமுக, தேமுதிக, பாமக, விசிக எல்லாமே எழுத்துகளாகவும் இருக்கின்றன, சொல்லாகவும் இருக்கின்றன, 'திமுகவினர்', 'திமுகவுக்கு' என்று வேற்றுமை உருபும் ஏற்கின்றன. கி.நி.அ. ஒட்டாமல் நிற்பதற்குக் காரணம் கடைசியில் தனி உயிர் வந்து நாக்கைத் தடுக்குவதுதான், அதனால் ஊரில் வி.ஏ.ஓ.வே நிலைத்துவிட்டது. ஆகவே ஆங்கில எழுத்தால் ஆனவை, தமிழ் எழுத்தால் ஆனவை என்று பிரியுங்கள், அதுதான் மாணவருக்கு உதவும். ஐ.எஃப்.எஸ். என்று ஆங்கிலத்தில் வனப் பணிக்கும் வெளியுறவுப் பணிக்கும் ஒரே சுருக்கம், தமிழில் இ.வ.ப., இ.வெ.ப. என்று தெளிவாகப் பிரிகிறது. இ.ஆ.ப., இ.கா.ப. அழைப்பிதழ்களில் நன்றாகவே வேரூன்றிவிட்டன.

பள்ளி ஆசிரியர், யாழ்ப்பாணம்:

டி பற்றி ஐயா எழுதியதை வாசித்தேன். எங்கள் பக்கம் அந்தச் சிக்கல் குறைவு. ஆங்கிலத்தின் வல்லொலிக்கு நாங்கள் 'ரி' எழுதுவோம், மெல்லொலிக்கு 'டி'. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எங்கள் சனம் பீ.ரீ.ஏ. என்றுதான் சொல்லும், அப்படித்தான் எழுதுவோம். நீங்களும் போக்குவரத்து அலுவலரை ஆர்.ரி.ஓ. என்று எழுதினால் முடிந்தது.

மற்றது, சுருக்கம் ஊன்றிவிட்டால் பதவிப் பெயரை மாற்றினாலும் அது மாறாது. கிராம சேவகர் கிராம உத்தியோகத்தர் ஆகி எவ்வளவோ காலம், சனம் இன்றைக்கும் ஜீ.எஸ்.இட்ட கடிதம் வாங்கத்தான் போகுது. ஆகவே கையேட்டில் விரிவைப் போடும்போது பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் போடுங்கோ.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

ஆர்.ரி.ஓ. இங்கே யாரும் ஏற்க மாட்டார்கள், ரகரத்தை நாங்கள் ரகரமாகவே வாசிப்போம். கோட்டாட்சியர் என்று முழுச்சொல்லாகச் சொன்னால் சிக்கலே இல்லை. ஏழெழுத்துக்குக் குறுக்கம் எதற்கு?

ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அலுவலர், திருச்சி:

ஐயா சொல்வது சரி, வட்டாட்சியர் என்ற சொல் வந்த பிறகு தாசில்தார் அலுவலகப் பலகையில் யாரும் சுருக்கம் தேடவில்லை.

சுருக்கம் நமக்குப் புதிது என்று பேசுவதால் ஒன்று சொல்ல வேண்டும். பழைய பத்திரங்களை எடுத்துப் பாருங்கள், ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௹ ரூபாய், ௸ மேற்படி. இவை எழுத்தும் இல்லை, சொல்லும் இல்லை, ஒரே வீச்சில் எழுதும் குறி. இதில் மேற்படிக் குறி பார்க்க ஷகரம் போல இருக்கும். இன்றும் பத்திர எழுத்தர்கள் 'ஷை சொத்து', 'ஷையார்' என்று எழுதுவதும் வாசிப்பதும் அதனால்தான் என்று நான் நினைக்கிறேன். மேற்படி என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஷை என்று ஒரு சொல்லே பிறந்துவிட்டது. இதையும் கையேட்டில் சேர்த்துவிடுங்கள், பிள்ளைகள் மூலப் பத்திரம் வாசிக்கும்போது அதுதான் முதலில் முட்டும்.

சட்ட ஆசிரியை, சேலம்:

எல்லாருக்கும் நன்றி. குறிகளுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கிவிட்டேன், ஓ.மு., மூ.மு. விளக்கம் அப்படியே போகிறது. தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்து என்ற பிரிவும் நல்லதுதான், ஆனால் தடாவை விளக்க அது எனக்குப் போதவில்லை. தனி மடல்களையும் சேர்த்துப் பார்த்தால் எழுத்துச் சுருக்கம், சொற்சுருக்கம் என்ற இணைக்குத்தான் அதிகம் பேர் சரி சொல்லியிருக்கிறார்கள். மாணவருக்கு விளக்கம் இல்லாமலே புரியும். அதையே போடுகிறேன். ஆர்.டி.ஓ.வுக்கு எதிரே இரண்டு விரிவும் வரும்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

சொற்சுருக்கம் என்றால் சொல்லைச் சுருக்கியது, தஞ்சையும் கோவையும் அதில் வந்து உட்காரும். நீங்கள் குறிப்பிடுவதோ சுருக்கம் சொல்லாக ஆனது. இரண்டும் எதிரெதிர்த் திசை. அச்சில் வருவது வரட்டும், என் வகுப்பில் அஃகுச்சொல்தான்.

வழக்கறிஞர், மதுரை:

அம்மா, அச்சுக்குப் போகும் முன் ஒரு கேள்வி. 1967இன் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தை நாங்கள் யு.ஏ.பி.ஏ. என்கிறோம், செய்தித்தாள்கள் உபா என்கின்றன. எந்தப் பிரிவில் வைத்திருக்கிறீர்கள்?

சட்ட ஆசிரியை, சேலம்:

இரண்டிலும்.