ஹாலை வெளிச்சமாக்கப் போய் நடந்தது என்ன? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

நீலக்கதவு:
நீளமான ஹால், ஒரு முனையில் மட்டும் ஜன்னல், மறுமுனையில் பகலிலும் விளக்கு. எல்லாரும் சொல்வதுபோல வெள்ளை அடித்தோம். அதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை, இங்கே பாதிப் பேர் அடித்திருப்பீர்கள்.

இரண்டாவது கோட் காய்ந்த அன்று மாலை என் கணவர் பெயிண்டரிடம் சண்டைக்குப் போனார். ஜன்னல் பக்கச் சுவரில் லேசாகப் பச்சை ஓடுகிறது, உள்மூலை சாம்பலாகத் தெரிகிறது, "ரெண்டு டின்னும் ஒரே பெயிண்ட்தானா?" என்று நேராகவே கேட்டுவிட்டார். பெயிண்டர் பதில் பேசவில்லை. மிச்சமிருந்த பெயிண்டை ஒரு அட்டையில் பூசிக் காயவைத்து ஜன்னல் பக்கம் பிடித்தார். அட்டையும் பச்சை. அதைப் பிடித்தபடியே உள்ளே நடந்தார். அவர் கையிலேயே அட்டை நிறம் மாறிக்கொண்டு போனது, மூலைக்குப் போனபோது சாம்பல்.

வெளியே பக்கத்து வீட்டு மதில் முழுக்கக் கொடி. வெயில் அதில் பட்டுத்தான் எங்கள் ஜன்னலுக்கு வருகிறது. பழைய மஞ்சள் பெயிண்டில் அது தெரிந்ததே இல்லை, வெள்ளை காட்டிக்கொடுத்துவிட்டது. பெயிண்டர் அட்டையை என் கணவர் கையில் கொடுத்துவிட்டு பிரஷ் கழுவப் போய்விட்டார். எங்களை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ரெண்டாம்மாடி:
எங்கள் வீட்டில் பெயிண்ட் கிடையாது, கண்ணாடி. ஜன்னலுக்கு நேர் எதிரே ஆளுயரத்துக்கு. ஹால் பெரிதாகத் தெரிந்தது நிஜம், பொய் சொல்லக்கூடாது. மறுநாள் காலை ஜன்னலுக்கு முதுகு காட்டி சோபாவில் உட்கார்ந்து நிமிர்ந்தால், எதிர்வீட்டுக்காரர் அவர் பால்கனியில் பல் தேய்த்தபடி கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நானும் அசையவில்லை, அவரும் அசையவில்லை. அப்புறம் மெதுவாகக் கையைத் தூக்கி வணக்கம் வைத்தார், பிரஷ் வாயிலேயே இருந்தது.

அன்றைக்கே ஜன்னலுக்குக் கனமான திரை வாங்கிவிட்டோம். இப்போது கண்ணாடியில் அந்தத் திரைதான் தெரிகிறது.

ஆணியும் சுத்தியலும்:
ரெண்டாம்மாடி, நேர் எதிரே மாட்டச் சொன்னது யார்? எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள், யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. கண்ணாடி தனக்கு எதிரே இருப்பதைத்தான் காட்டும், எதிரே குப்பைக்கூடை இருந்தால் ரெண்டு குப்பைக்கூடை. ஜன்னலை ஒட்டிய பக்கவாட்டுச் சுவரில் மாட்டிப் பாருங்கள். வெளிச்சம் அறையின் குறுக்கே திரும்பும், வெளி ஆள் நேராகக் கண்ணில் பட மாட்டார்.

இன்னொன்று, யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மாட்டும் முன் எடையைக் கணக்குப் போடுங்கள். கண்ணாடி ஒரு மி.மீ. தடிமனுக்கு சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 5 மி.மீ. கண்ணாடி என்றால் சதுர மீட்டருக்கு 12.5 கிலோ, ஆளுயரத்தில் கொஞ்சம் அகலமான கண்ணாடி 20 கிலோவைத் தாண்டும். சாதாரண ஆணி கதைக்காகாது. ஒட்டுவதாக இருந்தால் வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான் பசை கூடவே கூடாது. அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், பின்பக்கப் பூச்சை அரிக்கும். அந்த அமிலம் விடாத நியூட்ரல் சிலிக்கான், இல்லாவிட்டால் கண்ணாடிக்கென்றே விற்கிற பசை. பின்னால் காற்றுப் போகக் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். சுவரில் ஈரம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், அதற்கப்புறம்தான் கண்ணாடி.

என் கதையா? ஓரமெல்லாம் கருப்பு பூத்துவிட்டது. ஒட்டியவர் போனை எடுப்பதில்லை.

செங்கல்:
நாங்கள் சுவரையே எடுக்கப் பார்த்தோம். ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுச்சுவர். கொத்தனார் மேலே ஒரு செங்கல்லைப் பெயர்த்ததும் அந்த ஓட்டை வழியாக அடுத்த அறை வெயில் கோடாக வந்து ஹால் தரையில் விழுந்தது. வீடே கைதட்டியது. கொத்தனார் மட்டும் டார்ச் கேட்டார். ஓட்டைக்குள் அடித்து மேலே பார்த்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கி, "பீம் இல்லைங்க. தளம் இந்தச் சுவர்மேலதான் உட்கார்ந்திருக்கு" என்றார். அதற்கு மேல் சுத்தியலைத் தொடவில்லை.

அப்புறம் இன்ஜினியர் வந்தார். முழுச்சுவரும் போகாது, நடுவில் மட்டும் மேலே லிண்டல், அதாவது சுமை தாங்கும் குறுக்குக் கட்டை, கொடுத்து ஒரு திறப்பு வைக்கலாம் என்றார், அப்படியே வைத்தோம். அதுவே போதுமான வெளிச்சம். ஆனால் என் மாமனார் இன்றைக்கும் "அந்த ஆளுக்கு வேலை செய்ய சோம்பல், தட்டிப் பார்த்தாலே தெரியும் அது சும்மா பார்டிஷன்னு" என்கிறார். தட்டிப் பார்த்தெல்லாம் தெரியாது. சுவர் தலைப்பகுதி எதைத் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும், வீட்டுக் கட்டட வரைபடத்தைப் பார்க்க வேண்டும். அவர் டார்ச் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குச் சில ராத்திரி தூக்கம் வருவதில்லை.

மெய்யழகி:
எல்லாரும் சுவரைப் பேசுகிறீர்கள், எங்கள் பிரச்சினை தரை. பெரிய டைல்ஸ், பாலிஷ் போட்டது, வெளிர் நிறம், இடுக்கு நிரப்பியதும் அதே நிறத்தில். கோடு தெரியாததால் அறை நிஜமாகவே அகலமாகத் தெரிந்தது. அண்ணனுக்கு ஒரே பெருமை.

அம்மாவைக் கூட்டிவந்து காட்டினோம். வாசல்படியில் நின்றுவிட்டார். ஜன்னல் வெளிச்சம் தரையில் முழு நீளத்துக்கும் பளபளத்துக்கொண்டிருந்தது. "யாருடி தண்ணியைக் கொட்டினது?" என்றார். இல்லம்மா, டைல்ஸ்தான் என்று நான் கையால் தொட்டுக் காட்டினேன். சரி சரி என்று சொன்னார், ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் காலை வைத்தார். இப்போதும் ஹாலின் நடுவே நடக்க மாட்டார். சுவரைத் தொட்டபடி ஓரமாகவே போய்வருகிறார்.

வாட்ஸ் கணக்கு:
நீலக்கதவு சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. மூலை இருண்டிருக்கும் என்று பெயிண்டர் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்துக்கு ஒரு கட்டடக் கணக்கு உண்டு: தரையிலிருந்து ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு அல்லது இரண்டரை மடங்கு தூரம்வரைதான் உபயோகமான வெளிச்சம் வரும். மேல்விளிம்பு 2.1 மீட்டரில் இருந்தால் உள்ளே 4 முதல் 5 மீட்டர், அவ்வளவுதான். அதைத் தாண்டிய மூலைக்கு எந்த வெள்ளை அடித்தும் பெரிய பிரயோஜனம் இல்லை. பெயிண்ட் வருகிற வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், தானாக உண்டாக்காது. அதனால்தான் ஜன்னலின் மேல்பகுதியைத் திரையால் மறைப்பவர்களைக் கண்டால் கோபம் வருகிறது. ரொம்ப உள்ளே போகிற வெளிச்சம் அந்த மேல்பகுதி வழியாகத்தான் வருகிறது. திரைக் கம்பியை ஜன்னலுக்கு மேலே உயர்த்தி, இரண்டு பக்கமும் நீட்டிப் போட்டால், திரையை ஒதுக்கும்போது துணி முழுக்கச் சுவர் மேல் நிற்கும், ஜன்னல் முழுசாகத் திறந்திருக்கும். செலவும் அதிகமில்லை.

ராத்திரிக்கு: 6500 கெல்வின் பல்பு போட்டால்தான் வெளிச்சம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கெல்வின் நிறத்துக்கான அளவு, வெளிச்சத்தின் அளவு லூமெனில் இருக்கும். 3000 அல்லது 4000 கெல்வினிலேயே அதே லூமெனுக்குப் பல்பு கிடைக்கும். விளக்கைக் கூரையின் நடுவில் குவிக்காமல் சுவரில் விழும்படி திருப்புங்கள். சுவர் பளிச்சென்று இருந்தால்தான் கண்ணுக்கு அறை விரிகிறது. எங்கள் ஹாலில் முதலில் எல்லாம் நடுவில்தான் இருந்தது. தங்கை வந்து ஒரு நிமிடம் நின்று, "இது என்ன, விசாரணை அறை மாதிரி இருக்கு?" என்று கேட்டுவிட்டு சமையலறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அதன் பிறகு அவள் ஹாலுக்கு வந்ததே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீலக்கதவு:
வாட்ஸ் கணக்கு சார், உங்கள் கணக்கு சரியாகவே இருக்கட்டும். வெள்ளைதான் வேண்டும் என்று கேட்டது நாங்கள், அவர் அல்ல. அவரை ஏன் இழுக்கிறீர்கள்?

சும்மா ஒருத்தன்:
சோபா பற்றி யாரும் பேசவில்லையே. தரை வேலைக்காக எங்கள் சோபாவை வெளியே எடுத்தோம். அன்று ராத்திரி எல்லாரும் ஹாலில் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தோம், பையன் குறுக்கே உருண்டுகொண்டே போனான். இத்தனை இடம் இருந்ததா என்று மனைவி கேட்டாள். வேலை முடிந்தும் சோபாவை உள்ளே கொண்டுவர யாருக்கும் மனசு வரவில்லை. இன்னும் வராந்தாவில்தான் கிடக்கிறது.

மெய்யழகி அக்கா, உங்களுக்கு: பெரிய ரக் ஒன்று போட்டுவிடுங்கள், அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு. பளபளப்பு பாதி மறையும்.

மெய்யழகி:
ரக் வேண்டாம் தம்பி, அம்மாவுக்குக் கால் தூக்கி வைப்பது சிரமம், ஓரம் தடுக்கும். மெல்லிய வெள்ளைத் திரை போட்டுப் பார்த்தோம், பளபளப்பு குறைந்தது, அறையும் கொஞ்சம் இருட்டானது. அம்மா ஓரமாகத்தான் நடக்கிறார். டைல்ஸை மாற்றுவது பற்றி அண்ணன் பேச்சே எடுக்க விடவில்லை. பாலிஷ் டைல்ஸ் மேல் பூசுகிற வழுக்கல் தடுப்புப் பூச்சு இங்கே யாராவது போட்டிருக்கிறீர்களா? அது பளபளப்பையும் குறைக்குமா, பிடிப்பை மட்டும்தான் கூட்டுமா? எனக்கு முதலாவதுதான் வேண்டும்.