3.3 கிலோ கனக்கும் பயிற்சி விமானம்: எந்த இன்ஜின் சரி?

ஓசூர்க்காரன்:
வணக்கம். கல்லூரியில் மூத்த மாணவர்கள் விட்டுச் சென்ற ரேடியோ கன்ட்ரோல் பயிற்சி விமானம் ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. உடலுக்கு மேலே இறக்கை, மூன்று சக்கரம், இறக்கை நீளம் 160 செ.மீ. இந்த அளவுக்கு 2.4 கிலோ போதும். இதுவோ எரிபொருள் ஊற்றாமலே 3.3 கிலோ காட்டுகிறது. உடைந்த இடமெல்லாம் எபாக்ஸியும் கண்ணாடி இழையும் பூசிப் பூசிக் கனத்துவிட்டது. போதாக்குறைக்கு வால் பாரத்தைச் சமன் செய்ய மூக்கில் 170 கிராம் ஈயம் வேறு திருகியிருக்கிறார்கள்.

இப்போது இருப்பது பேரிங் இல்லாத பழைய 40 அளவு (0.40 கன அங்குலம், அதாவது 6.5 சி.சி.) இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின், 10×6 புரொப்பெல்லர் (விட்டம் 10, பிட்ச் 6 அங்குலம்; பிட்ச் என்பது ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம்). புல்தரையில் ஓடிக்கொண்டே இருக்கிறது, எழும்ப மனம் வருவதில்லை. எழும்பினாலும் முதல் திருப்பத்திலேயே உயரம் இழக்கிறது. 46, 55, 61, நான்கு ஸ்ட்ரோக் 72, இவற்றில் எதை வாங்கலாம்?

பால்சாப்பித்தன்:
தம்பி, பணத்தை எடுக்குமுன் 11×5 புரொப்பெல்லர் ஒன்றை மாட்டிப் பாருங்கள். கனமான, மெதுவான விமானத்துக்குக் குறைந்த வேகத்தில் இழுவை வேண்டும். அதற்கு விட்டம் அதிகமாகவும் பிட்ச் குறைவாகவும் இருக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் குதிரைசக்தி நிமிடத்துக்கு 16,000 சுற்றில் அளந்தது. உங்கள் விமானம் அந்தப் பக்கமே போகாது.

பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை வாலில் கயிறு கட்டி மாட்டுங்கள். இன்ஜினை முழு வேகத்தில் ஓட்டி, இரண்டு புரொப்பெல்லருக்கும் இழுவை எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். சுழலும் தளத்துக்கு நேராக யாரும் நிற்க வேண்டாம்.

மெல்லோசை:
நான்கு ஸ்ட்ரோக் 72 போடுங்கள். 14×6 புரொப்பெல்லரை அலட்டாமல் சுற்றும். எரிபொருளும் குறைவாகக் குடிக்கும். சத்தமும் காதுக்கு இதம்.

பால்சாப்பித்தன்:
சத்தம் இதம்தான், மறுக்கவில்லை. ஆனால் 14 அங்குலம் என்றால் இப்போது இருப்பதைவிட நுனி 5 செ.மீ. கீழே இறங்கும். மூக்குச் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் புரொப்பெல்லர் புல் வெட்டும். இன்னொன்று, தம்பி எந்த எரிபொருள் ஊற்றுகிறார்?

ஓசூர்க்காரன்:
மெத்தனால் 80, விளக்கெண்ணெய் 20. நைட்ரோ (நைட்ரோமீத்தேன்) கிடைக்கவில்லை.

தராசில் பார்த்துவிட்டேன், அண்ணா. 10×6-இல் 1.5 கிலோ, 11×5-இல் 1.7 கிலோ. ஓட்டம் குறைந்தது, எழும்பிவிட்டது. ஆனால் திருப்பத்தில் இன்னும் தடுமாறுகிறது.

பால்சாப்பித்தன்:
நைட்ரோ இல்லாவிட்டால் பல நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின்கள் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த சுற்றில், நிலையாக நிற்பதில்லை. தரையிறங்கும்போது அணைந்துபோனால், இந்த எடையில் சறுக்கிக்கொண்டு வருவது கடினம். இரண்டு ஸ்ட்ரோக்கே போதும்.

ஆமணக்கு:
மூக்கில் இருக்கும் அந்த ஈயத்தை யாரும் கவனிக்கவில்லையே! பழைய 40 சைலன்சருடன் 380 கிராம் அளவில் இருக்கும். பால் பேரிங் வைத்த 55 (8.9 சி.சி.) சைலன்சருடன் 500 கிராமுக்குச் சற்று மேல். அதாவது ஈயத்தில் பெரும்பகுதியைக் கழற்றி எறிந்துவிட்டு அதே எடையை இன்ஜினாகப் போடுகிறீர்கள். மொத்த எடை ஏறாது, இழுவை ஏறும். 46-உம் பறக்க வைக்கும். ஆனால் ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் எந்த இன்ஜினும் அங்கே கடற்கரையில் தரும் சக்தியைத் தராது. எனவே என் ஓட்டு 55-க்கு, 12×6 புரொப்பெல்லருடன். ஓ.எஸ். நிறுவனத்தின் இன்ஜின் வாங்குவதாக இருந்தால் 46ஏஎக்ஸ், 55ஏஎக்ஸ் இரண்டுக்கும் திருகு துளைகள் ஒன்றே.

61 வேண்டாம். சைலன்சருடன் 600 கிராமைத் தாண்டும். பிறகு மூக்கு கனக்கிறது என்று வாலில் ஈயம் வைப்பீர்கள்.

அதைவிட வாலைச் சுரண்டுங்கள். ஈர்ப்பு மையத்திலிருந்து வால் இருக்கும் தூரம் மூக்கைப்போல் மூன்று மடங்கு என்று வையுங்கள். வாலில் 20 கிராம் எபாக்ஸி போனால் மூக்கில் 60 கிராம் தேவைப்படாது.

ஒன்று மட்டும் மாறாது: ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது) எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 2.4 கிலோவுக்குப் பதில் 3.3 கிலோ என்றால் 17 சதவீதம் கூடுதல் வேகத்தில் இறங்க வேண்டும். எவ்வளவு பெரிய இன்ஜின் போட்டாலும் அது குறையாது. திருப்பத்தில் தடுமாறுவதற்குப் பாதிக் காரணம் அதுதான். சாய்வைக் குறைத்து அகலமாகத் திருப்புங்கள்.

ஓசூர்க்காரன்:
55-தான், முடிவு செய்துவிட்டேன். பழைய மவுன்டிலேயே (இன்ஜினைத் திருகும் தாங்கி) உட்காருமா?

ஆமணக்கு:
40-க்கான மவுன்ட் குறுகலாக இருக்கலாம், பொருந்தாவிட்டால் புதிது வாங்குங்கள். கழற்றியதும் இன்ஜின் தாங்கும் முன்பலகையை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். எண்ணெய் ஊறிக் கறுத்து, நகம் பதிந்தால் அந்தப் பலகையையே மாற்றிவிடுங்கள். எண்ணெய் குடித்த மரத்தில் பசை ஒட்டாது. நல்ல மரமாக இருந்தால் உள்மூலைகளில் முக்கோணக் கட்டை ஒட்டி, முன்புறம் மெல்லிய எபாக்ஸி ஒரு பூச்சு. ஒரே ஒரு பூச்சு, தம்பி.