கானாடுகாத்தான் பக்கம் ஹோட்டல் வேலைக்குப் போகலாமா?

தேவகோட்டைப் பையன்:
பி.காம் முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். கானாடுகாத்தானில் பழைய செட்டியார் வீட்டை ஹோட்டலாக்கிய ஓர் இடத்தில் ஃப்ரண்ட் ஆபீஸுக்கு ஆள் கேட்கிறார்கள். சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் கொஞ்சம்தான் கூட, ஆனால் சாப்பாடும் தங்க இடமும் உண்டு. அம்மாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. உள்ளே இருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

கோட்டையூர் அக்கா:
தம்பி, நான் இந்த மாதிரி ஒரு வீட்டில்தான் ஹவுஸ்கீப்பிங் பார்க்கிறேன். ஆள் குறைவு என்பதால் ஃப்ரண்ட் ஆபீஸ் என்று சேர்ந்தாலும் எல்லா வேலையும் கைக்கு வரும், பெரிய ஹோட்டலில் அப்படிக் கற்றுக்கொள்ள விடமாட்டார்கள். உதாரணத்துக்கு ஆத்தங்குடிக் கல், அதாவது கையால் செய்த சிமெண்ட் டைல்ஸ், போட்ட தரை. அதில் ஆசிட் பட்டால் நிறம் வெளுத்துப்போகும், அதனால் வெறும் தண்ணீரில் துடைத்து, அவ்வப்போது துளி தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஓர் இழுப்பு. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். வெளிநாட்டுக்காரர்கள் முகப்பிலிருந்து வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு என்று நடந்துகொண்டே கேள்வியாய்க் கேட்பார்கள், பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு இங்கிலீஷ் வந்தது. கூச்சம் போனது பெரிய விஷயம், அதைச் சம்பளத்தில் எழுத முடியாது. அம்மாவை ஒரு நாள் கூட்டிக்கொண்டு வந்து இடத்தைக் காட்டுங்கள்.

பள்ளத்தூர்க்காரன்:
அக்கா சொல்வது சரி, ஆனால் மறுபக்கத்தையும் கேட்டுக்கொள் ப்ரோ. நான் வேலை பார்த்த இடத்தில் பிரேக் ஷிப்ட். காலையில் டிபன் முடியும்வரை, அப்புறம் மத்தியானம் சும்மா, திரும்ப சாயங்காலத்திலிருந்து ராத்திரி கடைசி கெஸ்ட் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை. நடுவில் கிடைக்கும் நேரத்தில் வீட்டுக்கும் போக முடியாது, உருப்படியாகத் தூங்கவும் முடியாது. பொங்கல், தீபாவளி எல்லாம் மறந்துவிடு, ஊரே லீவில் இருக்கும்போதுதான் நமக்கு வேலை. நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை மூச்சுவிட நேரமிருக்காது, அக்னி நட்சத்திரத்தில் ஈ ஓட்டுவோம், டிப்ஸும் அதோடு போச்சு. தங்க இடம் என்றால் ஓர் அறையில் எத்தனை பேர் என்று முதலில் கண்ணால் பார். நான் பார்க்காமல் சேர்ந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

கல்லல் சமையல்:
கிச்சன் பக்கம் ஆசை இருந்தால் அங்கே போ தம்பி. செட்டிநாட்டுச் சமையல் தெரிந்த ஆளுக்குச் சென்னையிலும் கேட்பார்கள், சிங்கப்பூர், மலேசியாவிலும் கேட்பார்கள். வெள்ளைப் பணியாரத்துக்கு மாவுப் பதம் பிடிபட எனக்கு நாளானது, அதைப் புத்தகத்தில் படிக்க முடியாது, பக்கத்தில் நின்ற ஆச்சிதான் கரண்டியில் மாவை எடுத்து ஊற்றிக் காட்டினார். ஆனால் நாள் முழுக்க அடுப்படி வெக்கை, நின்று நின்று கால் வீங்கும், அதற்கு உடம்பு ஒத்துழைக்க வேண்டும். வெளிநாடு என்று ஏஜென்ட் யாராவது வந்தால் மத்திய அரசின் இமைகிரேட் (eMigrate) இணையதளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதே.

தேவகோட்டைப் பையன்:
எல்லோருக்கும் நன்றி. பி.எஃப் பற்றிக் கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

கோட்டையூர் அக்கா:
தாராளமாகக் கேளுங்கள். 20 பேருக்குக் குறைவாக ஆள் இருக்கும் இடத்துக்கு பி.எஃப் கட்டாயமில்லை, நம் பக்கம் ஹோட்டலான வீடுகள் பலவும் சின்னவைதான், அதனால் வாயைத் திறந்து கேட்டால்தான் தெரியும். இ.எஸ்.ஐ (மருத்துவக் காப்பீடு) உண்டா என்றும் கேளுங்கள், மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்குபவர்கள் அதில் வருவார்கள். வார லீவு எந்த நாள், பிரேக் ஷிப்ட் உண்டா, இந்த இரண்டையும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் ஜவுளிக்கடையில் சொல்லிக்கொள்ளுங்கள்.